நட்சத்திர வீரர் காயமுற்ற பின் கூடைப்பந்தாட்ட அணியின் பருவகாலத்தைக் கணக்கிடும் முறை

ஓர் அணியின் முதன்மை வீரர் காயமுற்றார் என்ற செய்தி மைதானத்தின் வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே திருகோணமலையில் அதற்கான தீர்ப்பும் வந்துவிடும். மெக்கெய்சர் மைதானத்தின் பக்கம் தேநீர் குடித்துக்கொண்டு நிற்பவர்களில் ஒருவர் "இனி இந்தமுறை ஒண்டுமில்லை" என்பார். பக்கத்தில் நிற்பவர் "பெடியள் சமாளிச்சுப் போடுவாங்கள்" என்பார். இருவரில் எவரும் கணக்குப் பார்த்துச் சொல்வதில்லை. பாடசாலை அணியோ கழக அணியோ ஒன்றைப் பொறுப்பேற்றிருப்பவரும், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டப் போட்டிகளைப் பார்த்துத் தம் விருப்ப அணியின் கதியை எண்ணிக் கவலைப்படுபவரும், அந்தக் கணக்கை எவ்வாறு போடலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன். பல ஆண்டுகளாகச் சிறிய அணிகளுக்குப் பயிற்சியளித்து, பல தடவை தவறாகக் கணித்து, பிறகு திருத்திக்கொண்ட முறை இது.

முதலில் திரும்பி வரும் திகதி

காயம் எவ்வளவு கொடுமையானது, யார் தள்ளினார், நடுவர் ஏன் விசில் ஊதவில்லை என்பன போன்ற கதைகள் ஒரு கிழமைக்கு ஓயா. அவற்றை ஓரமாக வைத்துவிட்டு ஒரேயொரு விடயத்தை வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: மிக விரைவாகத் திரும்பினால் எப்போது, தாமதமானால் எப்போது? இலேசான கணுக்கால் சுளுக்கு ஒன்று முதல் மூன்று கிழமைகளில் ஆறக்கூடும். மோசமானதற்கு ஆறு கிழமைகளோ அதற்கு மேலோ செல்லலாம். முழங்காலின் உட்புறத்தில் ஏ.சி.எல். எனப்படும் தசைநார் அறுந்து சத்திரசிகிச்சை செய்யப்பட்டிருந்தால் ஒன்பது மாதங்களுக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும் என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட அறிவுரை. அதற்கு முன்னர் களமிறங்குபவர்களுக்கு அதே காயம் மீண்டும் ஏற்படும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. மாதக் கணக்கு மட்டும் போதாது. காயமுற்ற காலால் தாவும் தூரம் மற்றக் காலின் தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறையாவது எட்ட வேண்டும் என்பது இயன்மருத்துவர்கள் வைத்திருக்கும் வழக்கமான அளவுகோல்களில் ஒன்று.

இங்கே ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகவேண்டும். சுளுக்கு என்றவுடன் நோவெண்ணெய் போட்டு உருவுவதும், முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோய் இழுத்துவிடச் சொல்வதும் நம் வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். அவர்களுடைய அனுபவத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆயினும் வீங்கிக்கொண்டிருக்கும் முதலிரண்டு மூன்று நாட்களில் அழுத்தி உருவுவது உள்ளே உள்ள இரத்தக்கசிவைக் கூட்டும். என்பு முறிந்திருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கும் வரையிலாவது கையை வைக்காமலிருப்பது நல்லது.

இரண்டு திகதிகளும் கிடைத்தபின் போட்டி அட்டவணையை எடுத்து அவற்றுக்கிடையே கோடிடுங்கள். திருகோணமலையில் திறந்தவெளி சீமெந்துத் தளத்தில் ஆடுபவர்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் தை மாதம் வரைக்கும் தளம் காய்வது அரிது. போட்டிகளும் அந்த நாட்களில் ஒத்திப்போகும். ஆகவே புரட்டாதியில் கணுக்கால் பிசகிய வீரர் ஆறு கிழமைகள் வெளியே இருந்தாலும் உண்மையில் இழப்பது இரண்டு மூன்று போட்டிகளாக இருக்கலாம். மாசியில் பிசகினால் அதே ஆறு கிழமைகள் முழுச் சுற்றையும் விழுங்கிவிடும். எத்தனை நாள் என்பதை விட எத்தனை போட்டி, யாருடன் என்பதே நமக்கு வேண்டிய விடை.

இழப்பு அவர் எடுத்த புள்ளிகளுக்குச் சமமன்று

பெரும்பாலான கணிப்புகள் பிழைப்பது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஒரு போட்டிக்கு 22 புள்ளிகள் எடுத்தவர் போய்விட்டார், ஆகவே அணிக்கு 22 புள்ளிகள் குறையும் என்று கணக்கிடுவது தவறு. அவர் இல்லாவிட்டாலும் போட்டி நாற்பது நிமிடங்கள்தான்; 24 செக்கன்களுக்குள் யாரோ ஒருவர் பந்தைக் கூடைக்கு எறிந்தே ஆகவேண்டும். அவர் எறிந்த எறிகைகளை இனி மற்றவர்கள் எறிவார்கள், ஆனால் அவரளவுக்கு நன்றாக எறிய மாட்டார்கள். இழப்பு என்பது அந்த வேறுபாடு மட்டுமே.

விளங்குவதற்காக ஓர் அணியைக் கற்பனை செய்துகொள்வோம். அந்த அணி ஒரு போட்டியில் 70 தடவை கூடைக்கு முயல்கிறது. அவற்றில் 20 முயற்சிகள் நட்சத்திர வீரருடையவை. அவற்றால் 22 புள்ளிகள் வருகின்றன. எஞ்சிய 50 முயற்சிகளில் மற்றவர்கள் முயற்சிக்கு 0.8 என்ற வீதத்தில் 40 புள்ளிகள் எடுக்கிறார்கள். மொத்தம் 62. இப்போது அவர் இல்லை. எழுபது முயற்சிகளும் மற்றவர்களுடையவை. அதே 0.8 என்ற வீதம் நிலைத்தால் 56 புள்ளிகள் வரும், இழப்பு ஆறுதான். ஆனால் அந்த வீதம் நிலைக்காது.

வலைப்பந்தாட்டத்தில் இலங்கை அணியின் தர்ஜினி சிவலிங்கம் வளையத்தின் கீழ் நின்ற போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணம் சொல்லாமலே விளங்கும். 208 சென்ரிமீற்றர் உயரமான ஒருவரை மறிக்க எதிரணி இரண்டு பேரை அனுப்பும்போது, பக்கத்தில் நிற்கும் மற்ற வீராங்கனைக்குக் கிடைக்கும் இடைவெளி அவருடைய திறமையால் மட்டும் கிடைத்ததன்று. கூடைப்பந்தாட்டத்திலும் அப்படித்தான். நட்சத்திர வீரர் பந்துடன் உள்ளே நுழையும்போது இரண்டாவது தடுப்பாளர் அவரை நோக்கி ஓர் அடி நகர்வார். அந்த ஓர் அடிதான் மூலையில் நிற்கும் பெடியனுக்கு ஆறுதலாக எறிய நேரம் கொடுத்தது. அவர் இல்லையென்றால் அந்த அடி இல்லை. ஆகவே மற்றவர்களின் வீதமும் 0.75 ஆகச் சரிகிறது என்று வையுங்கள்: 70 முயற்சிகளுக்கு 52 அல்லது 53 புள்ளிகள். மொத்த இழப்பு ஒன்பது, பத்துப் புள்ளிகள். இருபத்திரண்டும் இல்லை, சுழியமும் இல்லை. தேநீர்க்கடையில் பேசிய இருவருமே பிழை.

இதைச் செய்வதற்குக் கணினி வேண்டியதில்லை, ஒரு சி.ஆர். கொப்பியும் கடந்த பருவகாலத்தின் புள்ளித்தாள்களும் போதும். புள்ளித்தாள்கள் இல்லை என்றால் (நம் அணிகளில் பெரும்பாலும் இராது) நட்சத்திர வீரர் பவுல் (விதிமீறல்) எண்ணிக்கை கூடியதால் அமர்த்தப்பட்டிருந்த நிமிடங்களை நினைவுபடுத்தி, அப்போது இரு அணிகளும் எடுத்த புள்ளிகளை மற்ற வீரர்களிடம் கேட்டுச் சேர்க்கலாம். கிழக்கில் இந்த விளையாட்டுக்கு வேர் பிடிப்பித்த நியூ ஓர்லியன்ஸ் இயேசு சபைத் துறவிகளின் காலம் தொட்டு உழைப்பிலும் ஓட்டத்திலும் நமக்குக் குறையிருந்ததில்லை. எழுதி வைக்கும் பழக்கம்தான் ஒட்டவில்லை.

அடுத்து, கடந்த போட்டிகளின் வித்தியாசங்களை வரிசையாக எழுதுங்கள். பத்துப் போட்டிகளில் ஏழில் வென்ற ஓர் அணி, அவற்றுள் நான்கைப் பத்துப் புள்ளிகளுக்கு மேற்பட்ட வித்தியாசத்திலும் மூன்றைச் சொற்ப வித்தியாசத்திலும் வென்றிருந்தால், நட்சத்திர வீரர் இல்லாத காலத்தில் அந்த நான்கு கைக்கெட்டியவை, அந்த மூன்று ஆபத்தானவை. உலகின் மிகப் பெரிய களத்திலும் இதே தர்க்கம்தான்: 82 போட்டிகள் கொண்ட என்.பி.ஏ. பருவகாலத்தில் சராசரி வித்தியாசம் ஒரு புள்ளி குறைந்தால் ஏறத்தாழ இரண்டரை வெற்றிகள் குறையும் என்பது ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அண்ணளவான விதி.

முன்னுதாரணங்களைக் கவனமாகப் படிப்பது

இவ்வாறான சந்தர்ப்பங்களில் எவரும் ஒரு பழைய கதையைத் தூக்கிக் காட்டுவார்கள். கதை எந்த வகை என்று பார்க்காமல் நம்பக் கூடாது.

2012 ஏப்ரல் 28ஆம் திகதி, பருவகாலம் முடிந்தபின் நடக்கும் பிளே ஓப் சுற்றுகளின் முதற்போட்டியிலேயே சிக்காகோ புல்ஸ் அணியின் நட்சத்திர வீரர் டெரிக் ரோஸுக்கு ஏ.சி.எல். அறுந்தது. சுருக்கப்பட்ட அந்தப் பருவகாலத்தின் 66 போட்டிகளில் 50ஐ வென்று கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் இருந்த அணி, எட்டாம் இடத்தில் வந்த பிலடெல்பியாவிடம் தோற்று முதற்சுற்றிலேயே வெளியேறியது. அடுத்த பருவகாலம் முழுவதும் ரோஸ் ஆடவில்லை. ஆயினும் அந்த அணி 45 போட்டிகளை வென்றது. புரூக்ளினுடனான ஏழு போட்டித் தொடரையும் வென்று இரண்டாம் சுற்றுக்குச் சென்றது. அதிர்ச்சியுற்ற முதல் வாரத்தையும் திட்டமிட்டு ஆடிய அடுத்த ஆண்டையும் பிரித்துப் பார்த்தால் பாடம் தெளிவாகும். பயிற்றுவிப்பாளர் டொம் திபொடோ அந்த அணியைத் தடுப்பாட்டத்தின் மீது கட்டியிருந்தார். தடுப்பாட்டம் ஐவருடைய பழக்கம் என்பதால் ஒருவர் முழங்காலோடு அது போய்விடவில்லை.

இதற்கு எதிர்முனையில் சன் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் நிற்கிறது. 1995-96இல் 59 போட்டிகளை வென்ற அணி, 1996-97இல் டேவிட் ரொபின்சன் ஆறு போட்டிகள் மட்டுமே ஆட, 20 வெற்றிகளுடன் சரிந்தது. இதை "ரொபின்சனின் பெறுமதி 39 வெற்றிகள்" என்று எவராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அதே ஆண்டில் அந்த அணியின் ஷோன் எலியட் பாதிப் போட்டிகளை இழந்தார். சக் பேர்சன் ஒன்றிலும் ஆடவில்லை. 2019-20இல் கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் 15 வெற்றி, 50 தோல்வி என்று விழுந்ததும் அவ்வாறே: கெவின் டுரான்ட் வேறு அணிக்குப் போயிருந்தார், கிளே தொம்சன் முழுப் பருவகாலமும் இல்லை, ஸ்டீபன் கரி கை முறிந்ததால் ஐந்து போட்டிகளில் மட்டுமே ஆடினார். ஒரு தூண் சாய்ந்தால் கூரை கோணும். இரண்டாவதும் மூன்றாவதும் சாயும்போதே வீடு விழுகிறது. ஆகவே கணிப்பில் நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, இரண்டாவது காயம் எங்கிருந்து வரும் என்பதுதான்.

வேலைகளைப் பிரித்துக் கொடுத்தல்

1980 மே 16ஆம் திகதி, என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது போட்டியில் லேக்கர்ஸ் அணிக்கு அதன் நட்சத்திர வீரர் கரீம் அப்துல் ஜபார் இல்லை, கணுக்கால் காயம். இருபது வயதான மஜிக் ஜோன்சன், வழக்கமாக உயரமானவர் நிற்கும் சென்டர் இடத்தில் நின்று 42 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் (தவறிய எறிகைகளில் திரும்பிய பந்துகள்) எடுத்தார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அந்த இரவை நம்பி அணி அமைக்கக் கூடாது. மஜிக் ஒருவரே அத்தனையையும் செய்ய முடிந்தது ஒரு போட்டிக்குத்தான்; ஒரு பருவகாலத்துக்கு அது வழியன்று.

ஐந்து பேர், நாற்பது நிமிடம் என்றால் ஒரு போட்டிக்கு 200 ஆள்-நிமிடங்கள். நட்சத்திர வீரர் 36 நிமிடங்கள் ஆடியிருந்தால் அந்த 36ஐ ஒருவரிடம் கொடுக்காமல் மூன்று பேரிடம் பங்கிடுங்கள். அதற்கு முன் அந்த நிமிடங்களில் அவர் செய்த வேலைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: எட்டுச் செக்கன்களுக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டக் கொண்டுவந்தவர் யார், நேரம் முடியும்போது எறிந்தவர் யார், எதிரணியின் சிறந்த வீரரை மறித்தவர் யார், தடுப்பாட்டத்தில் சத்தம் போட்டு இடம் காட்டியவர் யார். கடைசியாகச் சொன்னது எந்தப் புள்ளித்தாளிலும் வராது. அவர் போனபின் முதலில் தெரிவதும் அதுதான்.

எங்கள் அணியில் ஒருமுறை பந்தைக் கொண்டுவரும் வேலையைக் குள்ளமான, கூச்சசுபாவமுள்ள ஒரு பதினேழு வயதுப் பெடியனிடம் கொடுத்தேன். முதல் இரண்டு பயிற்சிகளிலும் அவன் நடுக்கோட்டருகே வந்ததும் பழக்க தோஷத்தால் இடது பக்கம் திரும்பி, அங்கே இல்லாத நட்சத்திர வீரரைத் தேடினான். பந்து நேரே வெளியே போய்ச் சுவரில் முட்டியது. மூன்றாம் நாள் அந்த இடத்தில் ஒரு வெற்றுத் தண்ணீர்ப் போத்தலை வைத்து, "இஞ்ச இனி ஆரும் இல்லை, வலப்பக்கம் பார்" என்று சொல்லி நாற்பது தடவை ஓடவைத்தேன். அணி முழுவதற்கும் இதே பழக்கம் இருக்கும். அதை உடைக்க இரண்டு கிழமைகளாவது வேண்டும் என்று கணிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது புள்ளி இழப்பில் பாதியைச் சிறிய வேலைகளாலேயே மீட்கலாம் என்பது என் அனுபவம். பறிகொடுக்கும் பந்துகளில் மூன்றைக் குறைத்தால் நம் பக்கத்தில் இரண்டு புள்ளிகள் மிஞ்சும். பறிபோன பந்தில் எதிரணி ஓடிவந்து வளையத்தின் அருகிலிருந்து இலகுவாகப் போடும் லே-அப் ஒன்றும் குறையும். பவுலுக்குக் கிடைக்கும், எவரும் மறிக்காத பதினைந்து பிரீ த்ரோ எறிகைகளில் எட்டுப் போடும் அணி பத்துப் போடப் பழகினால் இன்னும் இரண்டு. 4.6 மீற்றர் கோட்டில் நின்று எறிவதற்கு உயரமும் வேண்டாம், வேகமும் வேண்டாம். ஆனால் களைத்துப்போன பின் எறிந்து பழக வேண்டும். பயிற்சியின் தொடக்கத்தில் எறியும் நூறு எறிகைகளை விட, ஓட்டத்துக்குப் பின் மூச்சு வாங்கிக்கொண்டு எறியும் இருபது பயன் தரும்.

ஆட்டத்தின் வேகத்தையும் குறையுங்கள். பலங்குறைந்த அணிக்கு முயற்சிகளின் எண்ணிக்கை குறைவது நன்மை. எழுபது முயற்சிகளில் பலமான அணி தன் மேன்மையை நிச்சயமாகக் காட்டிவிடும், ஐம்பத்தைந்தில் தற்செயலுக்கும் கொஞ்சம் இடம் இருக்கும். 24 செக்கன்களில் பதினைந்தாவது கடந்தபின் எறியுங்கள். எதிரணி ஓடிப் புள்ளியெடுக்க விடாமல் இருவர் உடனே பின்வாங்குங்கள். முன்னே இருவர், பின்னே மூவர் நின்று ஆளைத் தொடராமல் அவரவர் இடத்தைக் காக்கும் சோன் தடுப்பாட்டம் பவுல்களைக் குறைக்கும். மாற்று வீரர்கள் குறைந்த அணிக்கு ஐந்தாவது பவுலோடு ஒருவர் வெளியேறுவது இரட்டை இழப்பு. அத்துடன் வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் பிற்பகல்களில் மூன்று புள்ளிகளுக்கான 6.75 மீற்றர் கோட்டுக்கு வெளியேயிருந்து எறியும் பந்து காற்றில் அலையும். எதிரணி வெளியேயிருந்து எறிந்து பழகிய அணியென்றால் அந்த நாட்களில் சோன் எங்களுக்குக் கூடப்பிறந்த தம்பி.

இரண்டாவது காயத்தைத் தடுப்பதற்கு வழி நிமிடக் கணக்குத்தான். எவரையும் திடீரென்று 20 நிமிடத்திலிருந்து 36க்கு உயர்த்த வேண்டாம். கொழும்பிலே போட்டியென்றால் இரவு முழுவதும் பயணம் செய்து விடியப்போய் இறங்கி அன்றே ஆடும் வழக்கம் நமக்கு உண்டு. முழு அணி இருக்கும்போதே அது தவறு, எட்டுப் பேரோடு போகும்போது அது காயத்தை வெற்றிலை வைத்து அழைப்பது. முதல்நாளே போய்த் தங்குவதற்குப் பணம் சேர்க்க முடியாதென்றால் அந்தப் போட்டியை ஆபத்தான போட்டிகளின் பட்டியலில் எழுதிவிடுங்கள்.

முதற்போட்டியின் முடிவை வைத்துக் கணிப்பை மாற்ற வேண்டாம். அது பெரும்பாலும் ஏமாற்றும்: ஒன்றில் எல்லோரும் உயிரைக் கொடுத்து ஆடி வெல்வார்கள், அல்லது புல்ஸைப் போலக் குழம்பித் தோற்பார்கள். மூன்று போட்டிகள் முடிந்தபின் முயற்சிக்கு எத்தனை புள்ளிகள் என்பதைப் பாருங்கள். 0.75 என்று கணித்தது 0.7க்கு இறங்கியிருந்தால் இலக்கை இறக்குங்கள், 0.8ஐத் தொட்டால் அந்த ஆபத்தான மூன்றில் இரண்டை எதிர்பார்க்கலாம்.

திரும்பி வரும் நாள்

காயமுற்ற வீரரை வீட்டில் இருத்த வேண்டாம். ஊன்றுகோலோடு வந்தாலும் பெஞ்சில் இருத்தி, புள்ளிக் கொப்பியைக் கையில் கொடுங்கள். பந்து எத்தனை தடவை வளையத்துக்கு அருகில் போனது என்று எண்ணச் சொல்லுங்கள். ஆடுபவர்களைப் பற்றி அவருக்கு அதுவரை தெரியாதது அப்போது தெரியவரும். திரும்பியபின் பந்தை அதிகம் கொடுப்பார்.

திரும்பும் முதற்போட்டியில் நான்கு நிமிடங்கள் வீதம் மூன்று தடவை, மொத்தம் பன்னிரண்டு நிமிடங்கள் என்று நான் வைத்திருக்கிறேன். இதில் ஒருமுறை நானே பிழைவிட்டேன். கணுக்கால் பிசகி மூன்றாவது கிழமையில் வந்த ஒரு வீரர், நடந்து காட்டினார், தாவிக் காட்டினார். இரண்டாம் கால்பகுதியில் நாங்கள் நான்கு புள்ளிகள் பின்னால் இருந்தோம். குறித்த நேரம் முடிந்தும் அவரை வெளியே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ரீபவுண்டுக்குத் தாவி இன்னொருவரின் பாதத்தின் மேல் இறங்கினார். அதே கால். அந்தப் பருவகாலத்தில் அவர் பிறகு ஆடவில்லை.

அதற்குப் பின் நிமிட எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி, போட்டி தொடங்குமுன் வீரரின் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். நேரம் முடிந்ததும் அவர் பெஞ்சின் பின்னால் வந்து தாளை நீட்டுவார். ஸ்கோர் பலகையைப் பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டு மாற்று வீரரை எழுப்ப வேண்டும்.